பட்டுத் துணியில் ஒரு யப்பானிய அலை



பட்டாலான ஒரு கழுத்துத் துணியைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். ஆங்கிலம் படித்தோர் அதை 'ஸ்கார்ஃப்' என்பர். நம்மிடம் அதற்கென்று தனிச்சொல் இல்லை. சால்வை என்றால் தோளிற் கிடப்பது; லேஞ்சி என்றால் சட்டைப் பைக்குள் மடிந்து கிடப்பது. இது இரண்டுக்கும் இடைப்பட்டது. லேஞ்சி என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொல்தான். ஆகவே இதனைப் 'பட்டு லேஞ்சி' என்று நான் அழைத்தால் இலக்கணக்காரர் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இத்துணியில் அச்சிடப்பட்டிருப்பது ஓர் அலை. கருநீல நீர், விரல் விரலாகப் பிளந்து வளைந்து இறங்கும் வெண்ணுரை, தூரத்தே பனி மூடிய ஒரு சிறு மலை. ஐரோப்பிய நூதனசாலைகளின் விற்பனைக் கூடங்களில் இது தொங்கும். வெளிநாட்டு உறவினரின் பயணப் பெட்டிக்குள் மடிந்து யாழ்ப்பாணம்வரை வருவதும் உண்டு. ஓர் இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பதிப்புத்துறையிலே பாடபேதம் என்று ஒன்று சொல்கிறோம். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுகிறவன் ஓரிடத்தில் ஓர் அடியை விட்டுவிடுகிறான். அடுத்தவன் அந்தக் குறை ஏட்டைப் பார்த்து எழுதுகிறான். மூன்றாந் தலைமுறையில் அப்படி ஓர் அடி இருந்ததே எவருக்கும் தெரியாமற் போய்விடுகிறது. இந்த அலைக்கும் அத்தகைய கதை ஒன்று உண்டு. இதில் விடுபட்டுப் போனவர்கள் மனிதர்கள். ஏறத்தாழ முப்பது பேர்.

மூலப் படத்தின் பெயரை 'கனகாவாக் கடலில் அலையின் கீழ்' என்று தமிழாக்கலாம். வரைந்தவர் கற்சுஷிக்கா ஹொக்குசாய். 1760இல் எடோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில் பிறந்து, 1849இல் அங்கேயே காலமானவர். 'பூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற தொடரில் இது ஒன்று. நிஷிமுராயா யொஹாச்சி என்ற பதிப்பாளர் அத்தொடருக்கு 1831இல் விளம்பரம் செய்திருந்தார். விற்பனை நன்றாக நடந்தது. மேலும் பத்துப் படங்கள் சேர்ந்தன. பெயரில் முப்பத்தாறாக இருந்தபடியே தொடர் நாற்பத்தாறு படங்களோடு முடிந்தது. பெயரில் உள்ள எண்ணுக்கும் உள்ளே உள்ள எண்ணுக்கும் பொருத்தம் பார்க்கிற வழக்கம் வியாபாரத்துக்கு அன்றும் இல்லை.

படம் பெரிதல்ல. அகலம் 38 சென்ரிமீற்றர், உயரம் 26 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியை விரித்து வைத்தால் அதிலும் சற்றுக் கூட. சுவரை நிறைக்கும் ஓவியம் என்று எண்ணிக்கொண்டு நூதனசாலைக்குப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

அந்தச் சிறிய தாளில் மூன்று வள்ளங்கள் இருக்கின்றன. பட்டு லேஞ்சியை மட்டும் பார்த்தவருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். நீண்டு ஒடுங்கிய வள்ளங்கள். 'ஒஷிஒகுரி' என்று அவற்றுக்குப் பெயர். இசு, போசோ தீபகற்பங்களின் கரைகளிற் பிடித்த மீனை எடோச் சந்தைக்கு விரைந்து கொண்டு சேர்ப்பது அவற்றின் தொழில். ஐஸ் இல்லாத காலம். வேகமே மீனைக் காப்பாற்றியது. பருவத்தின் முதற் சூரை மீனுக்கு எடோ மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள் என்பது அந்நகர வரலாற்றில் பிரசித்தம். அந்த விலைக்காகத் தண்டு வலித்தவர்கள் ஒவ்வொரு வள்ளத்திலும் எட்டுப் பேர். அணியத்தருகே மேலும் ஓரிருவர். அவர்கள் எழுந்து நிற்கவில்லை, கையை உயர்த்தி ஓலமிடவில்லை. தலையைக் குனிந்து, தண்டை இறுகப் பற்றி, வள்ளத்தோடு வள்ளமாகப் படிந்து கிடக்கிறார்கள். மேலே அலை. அந்த அலை அடுத்த கணம் விழும். விழுந்த பின் என்ன ஆயிற்று என்பதைப் படம் சொல்லாது.

எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு ஒருமுறை இப்படத்தின் பிரதியைக் காட்டினேன். "சுனாமி, சேர்" என்றது முன்வாங்கு. 2004 மார்கழிக்குப் பின் நமது கரைப் பிள்ளைகளுக்கு உயர்ந்த அலை எதுவும் அந்தப் பெயரைத்தான் நினைவூட்டும், அதில் வியப்பில்லை. ஆயினும் இது சுனாமி அன்று. ஆழ்கடலில் சுனாமி உயர்ந்து வளைந்து நிற்பதில்லை. காற்றால் எழுந்த அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, திடீரெனப் பேருருவம் கொண்டு கவிழும் தருணத்தையே ஹொக்குசாய் வரைந்தார் என்பது அலைகளை ஆராய்வோர் கருத்து. வகுப்பின் பின்வாங்கில் இருந்த வடமராட்சிப் பிள்ளை ஒருவன் மாத்திரம் அலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அணியத்தை அலைக்கு நேரே பிடிச்சிருக்கினம், பக்கம் குடுத்தால் கவிழ்ந்திடும்" என்றான். அவன் தகப்பன் தொழிலுக்குப் போகிறவர்.

அவன் சொன்னதைக் கலை வரலாற்றாளரும் வேறொரு வழியில் சொல்லியிருக்கிறார்கள். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். ஆகவே நம் கண் அலையின் முதுகில் ஏறி, அதனோடு சேர்ந்து வலப்பக்கம் பாய்கிறது. நாம் அலையின் கட்சி. பழைய யப்பானியர் வலமிருந்து இடமாகப் படித்தார்கள். அவர்களின் கண் வள்ளங்களோடு புறப்பட்டு, அலையை எதிரே சந்தித்தது. அவர்கள் வள்ளத்தின் கட்சி. ஒரே படம், இரண்டு வாசிப்பு. வள்ளத்தை நீக்கிவிட்டால் ஒரு வாசிப்பே செத்துப்போகிறது.

இனி வரைந்தவரைப் பற்றிச் சிறிது. ஹொக்குசாய் முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர். வீடு மாறியது தொண்ணூறு தடவைக்கு மேல் என்பார்கள். 1820களின் இறுதி அவருக்குக் கெட்ட காலம். மனைவி 1828இல் இறந்தாள். பேரன் ஒருவன் சூதாடிச் சேர்த்த கடன் கிழவரின் தலையில் விழுந்தது. இந்த நிலையில், எழுபது வயதுக்குப் பின், அவர் செய்த வேலை இது. மணவாழ்க்கை முறிந்து திரும்பி வந்த மகள் ஓயி அவருடன் இருந்தாள், அவளும் ஓவியர்.

ஆனால் அலை மட்டும் அந்த வயதில் திடீரென வந்ததன்று. 1797இலேயே எனோஷிமாக் கரையின் அலையை வரைந்திருக்கிறார். 1800ஐ அடுத்த சில ஆண்டுகளில், பேரலையின் கீழ் வள்ளம் திணறும் படங்களை இரண்டு தடவை முயன்றிருக்கிறார். அவற்றில் அலை கட்டித் தயிர்போல் அசையாமல் நிற்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே அது நீராயிற்று. இந்தப் பொறுமைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மூன்று முயற்சியிலும் மாறாமல் இருந்தவை வள்ளங்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் தேடியது வெறும் அலையன்று; அலையின் கீழ் அகப்பட்ட மனிதரை.

இப்படம் கையால் வரைந்து சுவரில் மாட்டிய ஓவியமன்று, மரக்கட்டை அச்சு. வேலை நடந்த முறையைச் சொன்னால்தான் என் கதை விளங்கும். ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளை வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அத்தாளை மலைச்செரி மரப் பலகையின்மேல் முகங்கவிழ ஒட்டி, தாளோடு சேர்த்து மரத்தை வெட்டுவார். கோடு மேலே நிற்கும், மற்றதெல்லாம் பள்ளமாகும். தாள் அழிந்துவிடும். ஆகவே ஹொக்குசாயின் கைப்பட வரைந்த 'மூல அலை' என்று உலகில் எங்கும் ஒன்றில்லை. அச்சேற முன்னரே அது சிதைந்து மரத்தூளாயிற்று. பிறகு ஒவ்வொரு வண்ணத்துக்கும் அச்சுமுகம் வெட்டப்படும். அச்சிடுபவர், முசுக்கட்டை இனச் செடியின் நாரிற் செய்து படிகாரமும் பசையும் பூசிய தாளை ஈரமாக்கி, பலகைமேல் விரித்து, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார். பலகையில் வெட்டப்பட்ட இரண்டு சிறு அடையாளங்களில் தாளின் ஓரம் பொருந்தவேண்டும். ஒரு நூல் பிசகினால் நுரை நீருக்கு வெளியே போய்விடும்.

நுரையின் அந்த விரல்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் கத்தி முனையால் ஒதுக்கி விடப்பட்ட மரம். அதை வெட்டியவர் பெயர் என்ன? படத்தின் இடப்பக்க மேல்மூலையில் தலைப்பு இருக்கிறது. அதன் அருகே ஓவியரின் கையொப்பம் இருக்கிறது. செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் இல்லை. இது ஹொக்குசாய்க்குத் தெரியாத குறையன்று. இளமையில் அவரே செதுக்கும் தொழில் பழகியவர். பத்தொன்பது வயதளவில்தான் கற்சுகாவா ஷுன்ஷோ என்ற ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னாளில் தம் படங்களில் மூக்கையும் கண்ணையும் செதுக்குநர் கெடுத்துவிடுகிறார்கள் என்று பதிப்பாளருக்குக் கடிதத்தில் முறையிட்டு, எகாவா தொமெகிச்சி என்ற செதுக்குநரே தமக்கு வேண்டும் என்று கேட்டார். 1834இல் வரத்தொடங்கிய 'பூஜி மலையின் நூறு காட்சிகள்' நூலில் எகாவாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. அலையைச் செதுக்கியவருக்கு அந்தப் பாக்கியமும் கிட்டவில்லை.

எத்தனை பிரதிகள் அச்சிட்டார்கள்? 8000 அளவில் இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இன்று எஞ்சியிருப்பனவாக அறியப்பட்டவை நூற்றுச் சொச்சம். பிரித்தானிய நூதனசாலை ஆய்வாளர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பலகை தேயத் தேய, தலைப்பைச் சுற்றியுள்ள கட்டத்தின் கோடு ஆங்காங்கே உடைகிறது. அந்த உடைவைக் கொண்டு எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். நமது ஏட்டு ஆராய்ச்சிக்காரரின் முறைதான்! விலையோ, அன்று ஏறத்தாழ இரண்டு கிண்ணம் சோபா வாங்கிச் சாப்பிடும் காசு. கூலிக்காரனும் வாங்கிச் சுவரில் ஒட்டக்கூடிய சரக்கு. எனவே 'ஓர் உன்னத ஓவியத்தைத் துணியில் அச்சிட்டு மலினப்படுத்திவிட்டார்கள்' என்று பட்டு லேஞ்சியைக் கண்டு முகஞ்சுளிக்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பிறக்கும்போதே அது மலிவுப் பிரதிதான். என் வழக்கு வேறு.

அதற்குமுன் நீலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த நீலம் யப்பானுக்குச் சொந்தமானதன்று. 1706ஆம் ஆண்டளவில் பேர்லின் நகரில் டீஸ்பாஹ் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் செய்யப் போய், கலப்படமான பொட்டாசால் நீலத்தைப் பெற்றார். பிரஷிய நீலம் என்று அதற்குப் பெயர் வந்தது. யப்பானியர் பேர்லினை நினைத்து அதனை 'பெரோ' என்றார்கள். அந்நாட்டில் ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்தனர். அதுவும் 1641 முதல் நாகசாக்கித் துறையில் டெஜிமா என்ற செயற்கைத் தீவுக்குள். ஒல்லாந்தர் கப்பலிலும் சீனர் கப்பலிலும் வந்த அந்த நீலம் 1820களின் பிற்பகுதியில் மலிந்தது. மலிந்தபடியால்தான் இரண்டு கிண்ணம் சோபா விலைப் படத்தில் அது இடம்பெற்றது. பழைய அவுரி நீலத்தையும் கைவிடவில்லை. இரண்டும் சேர்ந்தே அலையின் நிறம் என்று இரசாயன ஆய்வுகள் காட்டியுள்ளன.

டெஜிமாவில் களஞ்சியம் வைத்திருந்த ஒல்லாந்தக் கம்பனி எது என்று நேயர்களுக்கு விளங்கியிருக்கும். 1658 முதல் 1795 வரை நமது யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்ததும் அதே கம்பனிதான். சோழமண்டலக் கரைத் துணிகளை அது யப்பானுக்கு ஏற்றிச் சென்றது. மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயரால் கோடு போட்ட பருத்தித் துணி ஒன்று அங்கே 'சன்தொமே' என்று வழங்கிற்று; எடோ நகரத்துச் செல்வர்கள் அதை விரும்பி உடுத்தினார்கள், நெசவாளர் அதைப் பார்த்துப் போலி நெய்தார்கள். தமிழ்க்கரையின் ஓர் ஊர்ப்பெயர் யப்பானிய அகராதியில் துணியின் பெயராக இன்றும் கிடக்கிறது. துணி அங்கே போன வழி இது. அங்கிருந்து துணி புறப்பட்ட வழி இனி வருகிறது.

படத்தின் பெயரில் உள்ள கனகாவா, எடோவிலிருந்து செல்லும் தொக்காய்டோப் பெருந்தெருவின் மூன்றாவது தங்குமிடம். ஹொக்குசாய் இறந்து நான்கு ஆண்டுகளில், 1853இல், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி போர்க்கப்பல்களோடு அந்தக் குடாவுக்குள் நுழைந்தார். 1854இல் எழுதப்பட்ட உடன்படிக்கைக்குக் கனகாவா உடன்படிக்கை என்றே பெயர். 1858 உடன்படிக்கை, கனகாவாவை வியாபாரத்துக்குத் திறக்கச் சொன்னது. பெருந்தெருவில் அந்நியர் நடமாடுவதை விரும்பாத அரசு, குடாவின் எதிர்க்கரையில் இருந்த யொகொஹாமா என்ற மீன்பிடிக் கிராமத்தைக் காட்டியது. 1859இல் துறைமுகம் திறந்தது. அங்கிருந்து வெளியேறிய பொருட்களில் முதலிடம் பட்டுக்கு.

முதலிற் பட்டுநூல், பின் பட்டு லேஞ்சிகள், பின்னர் கழுத்துத் துணிகள். பூவும் பறவையும் அச்சிட்ட பட்டு லேஞ்சிகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நல்ல கிராக்கி இருந்தது. அத்துணிகளில் படம் பதிக்க யொகொஹாமாத் தொழிலாளர் முதலிற் கையாண்ட முறை வேறொன்றுமன்று, மரக்கட்டை அச்சு. தாளுக்குப் பழகிய கைகள் பட்டுக்குத் திரும்பின. ஸ்கிறீன் அச்சு பின்னர் வந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சட்டம், அச்சுப் பலகைக்குப் பதிலாக. துணியின் ஓரத்தைச் சுருட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் தைக்கும் வேலை வீட்டிலிருந்த பெண்களின் கூலி வேலையாயிற்று. அவர்கள் பெயரும் துணியில் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் யொகொஹாமா உலகின் பெரிய 'ஸ்கார்ஃப்' ஏற்றுமதி நகரங்களுள் ஒன்றாக விளங்கியது. ஹொக்குசாய் வள்ளங்களை மிதக்கவிட்ட கடல், அந்நகரின் முன்னால் கிடக்கும் கடல். அலைப் படம் போட்ட பட்டு லேஞ்சி என்பது, இந்த வகையில், சொந்த ஊரில் இருந்து புறப்பட்ட பொருள்.

வள்ளங்கள் எங்கே தொலைந்தன? நான் அறிந்த வரையிற் சொல்கிறேன். 1888இல் வான்கோ தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த அலையைப் பற்றிப் பேசுகிறார். அலைகள் நகங்களாகத் தோன்றுகின்றன என்றும், வள்ளம் அவற்றில் அகப்பட்டுக் கிடப்பதை உணர முடிகிறது என்றும் அவர் சொல்வதாகக் கருத்து. அதாவது 1888இல் ஐரோப்பியக் கண்ணில் வள்ளம் இருந்தது. 1905இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசியின் 'கடல்' என்ற இசைக்கோவை பரிஸில் டுராண்ட் பதிப்பகத்தால் நூலாக வெளியிடப்பட்டது. அட்டையில் ஹொக்குசாயின் அலை. அலை மட்டும்! மலை இல்லை, வள்ளம் இல்லை, ஆட்கள் இல்லை. கடலின் இசைக்கு மீனவன் எதற்கு என்று அட்டை வரைந்தவர் நினைத்திருக்கலாம். பதினேழு ஆண்டு இடைவெளியில் ஒரு பாடபேதம் தோன்றிவிட்டது.

துணிக்காரருக்கு இன்னொரு நிர்ப்பந்தமும் உண்டு. மூலப்படம் நீள்சதுரம், பட்டு லேஞ்சி பெரும்பாலும் தொண்ணூறு சென்ரிமீற்றர்ச் சதுரம், அல்லது நீண்ட பட்டி. சதுரத்துக்குள் அடக்கப் பக்கங்களை வெட்ட வேண்டும். நீளப் பட்டிக்கு அலையை மட்டும் பெயர்த்துத் திரும்பத் திரும்ப அடுக்குவது எளிது. அதன்மேல், கழுத்திற் சுற்றும்போது துணி மடிகிறது. மடிப்பில் முதலில் மறைவது சின்ன உருவங்கள். நுரையின் வெள்ளை மட்டும் எட்ட நின்றும் தெரியும். ஆகவே நுரையைப் பெருப்பித்து, வள்ளத்தை அழித்து, சில வேளை அலையை இட வலம் மாற்றியும் விடுகிறார்கள். கைத்தொலைபேசியில் நாம் அனுப்பும் அலைக் குறியிலும் இதே சாயல் இருக்கிறது. அங்கும் எவரும் இல்லை. வெறும் கோலம், மடிப்புக்கு அழகு என்று சொல்லலாம். கோலத்தில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் ஆட்கள் இல்லாத அலைக்கு அடியில் 'ஹொக்குசாய்' என்று பெயர் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போது, தலைவியை நீக்கிவிட்டு நெய்தற் பாட்டை அச்சிட்டதுபோல் இருக்கிறது.

எல்லாத் துணிகளும் அப்படியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். படம் முழுவதையும் நடுவில் வைத்து, சுற்றிவர நீலக் கரை விட்டு அச்சிட்ட பட்டு லேஞ்சிகள் இருக்கின்றன. விரித்துப் பார்த்தால் மூன்று வள்ளங்களும் இருக்கும். வாங்குகிறவர் மேசையில் விரித்துப் பார்த்து வாங்கலாம். விலை ஒன்றும் பெரிதாக வேறுபடாது.

2023 மார்ச் மாதத்தில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இப்படத்தின் பழைய பிரதி ஒன்று 27 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அடுத்த ஆண்டு, 2024 யூலை 3ஆம் திகதி, யப்பான் அரசு புதிய ஆயிரம் யென் தாளை வெளியிட்டது. அதன் பின்புறத்தில் இந்த அலை. சந்தையில் மீன் வாங்கக் கொடுக்கும் அந்தத் தாளில் வள்ளங்கள் அழிக்கப்படவில்லை.